தொகை நுண்கணிதமும் வணிகவியல் மாணவரும்

ஐதராபாத்தின் இரட்டை நகராகிய செகந்திராபாத்தையொட்டி அமைந்துள்ள லாலாகுடாவில், நிஜாம் உத்தரவாத அரசு ரயில்வே நிறுவனத்தார் 1893ஆம் ஆண்டில் ஒரு பணிமனையை நிறுவினர். பயணிகள் பெட்டிகளைப் பழுது பார்த்துப் புதுக்கும் வேலை இன்றளவும் அங்கு தென் மத்திய ரயில்வேயின் கீழ் நடைபெற்று வருகிறது. அவ்விடத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிற்குள் 1918இல் தோன்றிய உஸ்மானியா பல்கலைக் கழகம் இருக்கிறது. 1958இல் குன்னூரிலிருந்து இடம் பெயர்ந்து வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தார்நாக்காவில் இருக்கிறது. ஹப்சிகுடாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஐதராபாத் கிளை இருக்கிறது. பெட்டி பழுது பார்க்கும் ஆலைக்கும், உணவாராய்ச்சிக்கும், மக்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் புள்ளியியலுக்கும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. வளைந்து செல்லும் ஒரு கோட்டின் கீழ் அடங்கும் பரப்பைக் காண்பதே அக்கணக்கு. கணித நூல்கள் அதனைத் தொகையீடு என்கின்றன.

தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளிகளில் வணிகக் கணிதம் பயிலும் மாணவர் தொகை நுண்கணிதத்தை இரு பாடங்களாகக் கற்கின்றனர். முதற் பாடத்தில் சூத்திரங்கள், இரண்டாவதில் பயன்பாடுகள். பெரும்பான்மையான வகுப்புகளில் காலமெல்லாம் முதற் பாடத்திலேயே கழிந்து விடுகிறது. அடுக்கை ஒன்று கூட்டி அவ்வெண்ணால் வகுக்க வேண்டும் என்பதை மாணவர் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்று விடுகின்றனர். பொருளியலோ வணிகவியலோ படிக்கப் போகும் மாணவனுக்கு ‘இதனால் எனக்கு ஆவது என்ன?’ என்ற ஐயம் எழுவது இயல்பே. அது தவறான ஐயமும் அன்று. அதற்கு விடை கிடைக்காமல் போனால், பின்னாளில் அவன் ஓர் அரசு அறிக்கையில் ஏற்றத்தாழ்வுக் கெழு இவ்வளவு என்று படிக்கும்போது, அவ்வெண் எங்கிருந்து வந்தது, அதனை எவ்வளவு நம்பலாம் என்று கேட்க இயலாதவனாகி விடுவான்.

கிடங்கின் இருப்பு

முதலில் ஒரு பண்டகக் கிடங்கை எடுத்துக்கொள்க. பெட்டிகளுக்குப் பூசும் பெயிண்டு மாதத் தொடக்கத்தில் 600 டின்கள் வந்திறங்குகின்றன. நாளொன்றுக்கு 20 டின்கள் சீராகச் செலவாகி, 30ஆம் நாள் இறுதியில் இருப்புத் தீர்ந்து விடுகிறது. ஒரு டின்னை ஒரு நாள் கிடங்கில் வைத்திருக்க 10 பைசா செலவாகும் என்றும் கொள்க. அம்மாதத்தில் கிடங்குச் செலவு யாது?

டின்னும் நாளும் சேர்ந்த ஓர் அலகு இங்கே தேவைப்படுகிறது. அதனை ‘டின்-நாள்’ எனலாம். ஒவ்வொரு நாளும் காலையில் உள்ள இருப்பை எழுதிக் கூட்டினால் 600, 580, 560 எனத் தொடங்கி 20 வரை 30 எண்கள் கிடைக்கும்; அவற்றின் கூட்டுத்தொகை 9,300. மாலை இருப்பை எழுதிக் கூட்டினால் 580 முதல் 0 வரை; கூட்டுத்தொகை 8,700. காலைக் கணக்கு மிகையானது, மாலைக் கணக்குக் குறைவானது; உண்மை இவ்விரண்டிற்கும் இடையில் உள்ளது. அரை நாளுக்கு ஒரு முறை எண்ணினால் மேற்கணக்கு 9,150ஆக இறங்கும். கீழ்க்கணக்கு 8,850ஆக ஏறும். கால இடைவெளியைக் குறைக்கக் குறைக்க இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி 9,000 என்னும் ஓர் எல்லையில் வந்து நிற்கின்றன. அந்த எல்லையே தொகையீடு. நாட்களின் எண்ணிக்கை ‘ந’ என்றால், இருப்பு 600 − 20ந; இதன் தொகையீடு 600ந − 10ந²; ந = 30 என்று இட்டால் 18,000 − 9,000 = 9,000. செலவு 900 ரூபாய்.

இவ்விடத்தில் கூர்மையான மாணவன் ஒருவன், ‘தொடக்க இருப்பையும் இறுதி இருப்பையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி 300, அதனை 30ஆல் பெருக்கினால் அதே 9,000. நுண்கணிதம் எதற்கு?’ என்று கேட்கக் கூடும். அக்கேள்வியை ஆசிரியர் வரவேற்க வேண்டும். கோடு நேர்கோடாக இருப்பதனால்தான் குறுக்கு வழி பலித்தது. அடுத்த மாதம் வேலை மெதுவாகத் தொடங்கி இறுதியில் விரைந்தது என்று கொள்க. இருப்பு இப்போது 600 − (2/3)ந². தொடக்கத்தில் 600, முடிவில் 0 என்பதில் மாற்றமில்லை. ஆயினும் 15ஆம் நாள் இறுதியில் கிடங்கில் 300 டின்கள் அல்ல, 450 டின்கள் உள்ளன. தொகையீடு 600ந − (2/9)ந³; ந = 30க்கு 18,000 − 6,000 = 12,000 டின்-நாட்கள். செலவு 1,200 ரூபாய். குறுக்கு வழிக் கணக்கு இதில் 300 ரூபாயை மறைத்து விடும்.

இருப்பு எந்தச் சூத்திரத்தின்படி குறைகிறது என்பது கிடங்குக் காப்பாளருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர் மாத நடுவில் ஒரு முறை எண்ணிப் பார்த்து 450 என்று எழுதி வைத்தாலே போதும். வளைகோட்டிற்குப் பதிலாக இரண்டு சரிவகங்கள் கிடைக்கும்; அவற்றின் பரப்பு 15 × (300 + 450) = 11,250. பிழை 3,000இலிருந்து 750ஆகக் குறைந்து விட்டது. இடைவெளியை மீண்டும் பாதியாக்கி நான்கு சரிவகங்கள் அமைத்தால் 11,812.5 வரும், பிழை 187.5. இடைவெளி பாதியாகும்போதெல்லாம் பிழை காற்பங்காகிறது. சூத்திரம் அறியாத வளைகோட்டின் பரப்பைச் சில அளவீடுகளைக் கொண்டே காணும் இம்முறைக்குச் சரிவக விதி என்று பெயர். களப்பணியாளருக்குத் தொகை நுண்கணிதத்தில் ஒன்றே ஒன்றைத்தான் கற்பிக்க முடியும் என்றால், கற்பிக்க வேண்டியது இதுவே.

அண்டையிலுள்ள உணவாராய்ச்சித் துறையிலும் இவ்விதி வழக்கிலுள்ளது. ஓர் உணவை உண்டபின் இரத்தத்தில் சர்க்கரை எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதை இரண்டு மணி நேரம் வரை குறித்த இடைவெளிகளில் அளந்து, வெறும் வயிற்றளவிற்கு மேலுள்ள பரப்பைச் சரிவகங்களாகக் கூட்டி, அதே அளவு மாவுச்சத்தைக் குளுக்கோசாக உண்ட போது கிடைக்கும் பரப்போடு ஒப்பிடுவர். இந்த விகிதமே சர்க்கரை உயர்வுக் குறியீடு. முதல் ஒரு மணிக்குப் பின் அளவீடுகளின் இடைவெளி பெரிதாக்கப்படுவதால், ஒவ்வொரு சரிவகத்திற்கும் அதனதன் அகலத்தையே பயன்படுத்த வேண்டும் என்பதொன்றே அங்கு கவனிக்க வேண்டியது.

மாறிலி என்பது யாது?

தொகையீட்டின் இறுதியில் ஒரு மாறிலியைச் சேர்க்க வேண்டும் என்பது மாணவர் அடிக்கடி மறக்கும் செய்தி. மறப்பதற்குக் காரணம், அதற்குப் பொருள் சொல்லித் தரப்படாமையே. பணிமனையில் இன்னும் ஒரு பெட்டியைப் புதுக்குவதற்கு ஆகும் கூடுதற் செலவு, அஃதாவது இறுதிநிலைச் செலவு, ‘ப’ பெட்டிகள் முடிந்த நிலையில் 6 + 0.2ப ஆயிரம் ரூபாய் என்று கொள்க. இதனைத் தொகையிட்டால் 6ப + 0.1ப². 20 பெட்டிகளுக்கு 120 + 40 = 160 ஆயிரம் ரூபாய். ஆனால் ஒரு பெட்டியும் உள்ளே வராத மாதத்திலும் கட்டடமும் இயந்திரமும் காவலும் உண்டு. அதற்கு 90 ஆயிரம் ஆகிறதெனில் மொத்தச் செலவு 250 ஆயிரம். அந்த 90 ஆயிரமே மாறிலி. இறுதிநிலைச் செலவை எவ்வளவு ஆராய்ந்தாலும் அது அங்கிருந்து வெளிப்படாது. கணக்குப் புத்தகத்தைப் புரட்டித்தான் அறிய வேண்டும்.

கட்டணம் உயர்ந்தால் இழப்பது யார்?

பாலங்களும் சாலைகளும் அமைக்கும் பிரெஞ்சுப் பொறியாளரான ழூல் துப்புயி என்பவர் 1844இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், ஒரு பாலத்தால் மக்கள் அடையும் நன்மையை அங்கு வசூலாகும் சுங்கத்தைக் கொண்டு அளத்தல் தவறு என்று காட்டினார். ஒருவர் கொடுக்க இசையும் விலை அவர் கொடுத்த விலையினும் மிகுதியாக இருக்கலாம். அம்மிகுதியெல்லாம் சேர்ந்ததே மக்களின் ஆதாயம். ஆல்பிரட் மார்ஷல் 1890இல் தமது பொருளியல் நூலில் இதனை விரித்து விளக்கிய பின் நுகர்வோர் உபரி என்னும் பெயர் நிலைத்தது.

லாலாகுடா போன்ற ஒரு நிலையத்திலிருந்து நாள்தோறும் செல்லும் பயணிகளின் எண்ணிக்கை ‘ப’ என்றும், அத்தனை பேர் வருவதற்குரிய கட்டணம் 10 − ப/100 ரூபாய் என்றும் ஒரு கற்பனைத் தேவைக்கோட்டைக் கொள்க. கட்டணம் 4 ரூபாயானால் பயணிகள் 600 பேர். வசூல் 2,400 ரூபாய். கட்டணத்தை 6 ரூபாயாக்கினால் பயணிகள் 400 பேர். வசூல் அப்போதும் 2,400 ரூபாயே. வசூலை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு இரண்டும் ஒன்று போலத் தோன்றும். தேவைக்கோட்டின் கீழுள்ள பரப்பை 0 முதல் 600 வரை தொகையிட்டால் 6,000 − 1,800 = 4,200; அதிலிருந்து வசூல் 2,400ஐக் கழிக்க உபரி 1,800 ரூபாய். 0 முதல் 400 வரை தொகையிட்டால் 4,000 − 800 = 3,200; வசூலைக் கழிக்க உபரி 800 ரூபாய். ரயில்வேக்கு வரவில் ஒரு காசும் கூடாமலே மக்கள் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் நன்மையை இழந்து விட்டனர். (200 பேரை ஏற்றிச் செல்லும் செலவு மிச்சமாகும் என்பது உண்மையே, ஆனால் ஓடும் வண்டியில் அது பெரும்பாலும் சிறு தொகை.) தேவைக்கோடு நேர்கோடாதலின் முக்கோணப் பரப்பாகவும் இதனைக் காணலாம். முதலில் முக்கோணத்தால் கண்டு, பிறகு தொகையீட்டால் சரிபார்க்கும்படி மாணவரைப் பணித்தல் நலம்.

ஏற்றத்தாழ்வின் பரப்பு

சமூக அறிவியலில் தொகையீடு பெரும் பொறுப்பை ஏற்பது வருவாய்ப் பங்கீட்டை அளக்கும் இடத்திலாம். அமெரிக்கரான மாக்ஸ் லாரன்ஸ் 1905இல் ஒரு வரைபடத்தை வகுத்தார். குடும்பங்களை ஏழ்மையிலிருந்து செல்வம் நோக்கி வரிசைப்படுத்திக் கிடைக்கோட்டில் அவற்றின் திரள் பங்கையும், குத்துக்கோட்டில் அவற்றிற்குரிய செலவின் திரள் பங்கையும் குறிப்பது அம்முறை. எல்லாரும் சமமானால் கோடு மூலைவிட்டமாகும். ஏற்றத்தாழ்வு மிக மிகக் கோடு கீழ்நோக்கித் தொய்யும். இத்தாலியரான கொராடோ ஜினி தொய்வின் பரப்பை மூலைவிட்டத்தின் கீழுள்ள முழுப் பரப்பால் வகுத்து ஒரே எண்ணாகச் சொல்லும் வழியைக் கண்டார். மூலைவிட்டத்தின் கீழுள்ள பரப்பு அரை ஆதலின், லாரன்ஸ் கோட்டின் கீழுள்ள பரப்பை இரட்டித்து ஒன்றிலிருந்து கழித்தால் ஜினிக் கெழு கிடைக்கும்.

ஓர் ஊரின் குடும்பங்களை ஐந்து சம குழுக்களாகப் பிரித்ததில், மொத்தச் செலவில் அவற்றின் பங்கு முறையே நூற்றுக்கு 5, 10, 15, 25, 45 என்று கொள்க. திரள் பங்குகள் 0.05, 0.15, 0.30, 0.55, 1. சரிவக விதிப்படி பரப்பு 0.2 × (0.05 + 0.15 + 0.30 + 0.55 + 0.5) = 0.31. ஜினிக் கெழு 1 − 0.62 = 0.38.

இதில் ஒரு நுட்பம் உண்டு. லாரன்ஸ் கோடு கீழ்நோக்கித் தொய்வது. சரிவகத்தின் மேற்பக்கமாகிய நேர்கோடு எப்போதும் அதற்கு மேலேயே செல்லும். ஆகவே பரப்பு மிகையாகவும், ஏற்றத்தாழ்வு குறைவாகவும் தோன்றும். திரள் பங்கு குடும்பப் பங்கின் வர்க்கத்திற்குச் சமமான கோடு ஒன்றை எடுத்தால், தொகையீட்டின்படி பரப்பு சரியாக 1/3; ஜினிக் கெழுவும் 1/3, அஃதாவது 0.333. அதே கோட்டைப் பத்துக் குழுக்களாக்கிச் சரிவக விதியால் கண்டால் 0.33, ஐந்து குழுக்களாக்கினால் 0.32; இரண்டே குழுக்களாக்கினால் 0.25. மக்கள் நிலையில் எந்த மாற்றமும் இல்லை. குழுக்களின் எண்ணிக்கை மட்டுமே குறைந்தது. ஓர் ஊரில் ஐந்து குழுக்களாகவும் மற்றோர் ஊரில் பத்துக் குழுக்களாகவும் கண்ட கெழுக்களை ஒப்பிட்டு, முதல் ஊரில் சமத்துவம் மிகுதி என்று எழுதுவது எத்தகைய பிழை என்பது இதனால் விளங்கும்.

இந்தியாவில் இக்கேள்வி வெறும் கணிதப் பயிற்சியாக இருந்ததில்லை. தேசிய மாதிரி ஆய்வு 1950இல் தொடங்கப்பட்டது. ஐந்தாண்டுத் திட்டங்களால் பெருகிய வருவாய் யாரிடம் சென்றது என்னும் வினா எழுந்தபோது, 1960இல் பேராசிரியர் பி. சி. மகாலனோபிஸ் தலைமையில் வருவாய்ப் பங்கீட்டையும் வாழ்க்கைத் தரத்தையும் ஆராயத் திட்டக் குழு ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கையின் முதற் பகுதி 1964இல் வெளியாயிற்று. அண்மைக் காலத்தில் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, ஊரகப் பகுதிகளுக்கு ஜினிக் கெழு 2022-23இல் 0.266 என்றும் 2023-24இல் 0.237 என்றும், நகர்ப்புறங்களுக்கு முறையே 0.314, 0.284 என்றும் அரசு அறிவித்தது. இவை நுகர்வுச் செலவின் கெழுக்கள்; வருவாயின் கெழுக்களோ சொத்தின் கெழுக்களோ அல்ல. வருவாய் உயர உயர அதில் செலவாகும் பங்கு குறைவதால், செலவின் கெழு பொதுவாக வருவாயின் கெழுவைவிடச் சிறியதாகவே இருக்கும். வேறு நாடுகளின் வருவாய்க் கெழுக்களுக்கருகில் இவற்றை வைத்து மகிழ்வதோ வருந்துவதோ பொருந்தாது.

இரு கோடுகளுக்கு இடைப்பட்ட பரப்பு

அளவீட்டிலேயே பிழை இருந்தால் என் செய்வது? மகாலனோபிஸ் கண்ட விடை களப்பணியாளர் அனைவரும் அறியத் தக்கது. 1930களில் வங்காளத்தின் சணல் பரப்பை மதிப்பிட்ட காலந்தொட்டே அவர் ஒரே பகுதியில் இரண்டு தனி மாதிரிகளை எடுத்து, வெவ்வேறு பணியாளரைக் கொண்டு தனித்தனியே விவரம் திரட்டும் முறையைக் கையாண்டு வந்தார். 1960இல் ‘எக்கானமெட்ரிகா’ என்னும் ஆய்விதழில் அம்முறையை வரைபடத்தோடு இணைத்தார். குடும்பங்களைத் தலைக்குச் செலவின்படி வரிசைப்படுத்திச் சம குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவின் சராசரியையும் புள்ளியிட்டுக் கோட்டால் இணைக்க வேண்டும். இரண்டு மாதிரிகளுக்கு இரண்டு கோடுகள் வரும். அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பரப்பே பிழையின் அளவு. வேறோர் ஆண்டுக்குரிய கோடு இவற்றிலிருந்து விலகி நிற்கும் பரப்பு, பிழைப் பரப்பினும் தெளிவாக மிகுந்திருந்தால்தான் மாற்றம் உண்மையில் நிகழ்ந்தது எனலாம். இல்லையேல் அது பணியாளர்களுக்கிடையேயுள்ள வேறுபாடாகவும் இருக்கக் கூடும்.

இங்கு மாணவர் வழுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. ஐந்து குழுக்களின் தலைக்கு மாதத் தானிய அளவு ஒரு மாதிரியில் 9, 10, 11, 12, 13 கிலோ என்றும், மற்றொன்றில் 8, 10, 12, 12, 12 கிலோ என்றும் கிடைத்ததாகக் கொள்க. வேறுபாடுகள் 1, 0, −1, 0, 1. குழுக்களுக்கிடையேயுள்ள இடைவெளியை ஓர் அலகாகக் கொண்டு நேராகத் தொகையிட்டால் 0.5 − 0.5 − 0.5 + 0.5 = 0. கோடுகளோ ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை. அச்சுக்குக் கீழுள்ள பரப்பைத் தொகையீடு எதிர்க்குறியோடு கொள்வதால் மேலும் கீழும் ஒன்றையொன்று அழித்து விட்டன. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் நேர்க்குறியோடு கூட்டினால் உண்மையான பிழைப் பரப்பு 2 என்பது தெரியும். வரவு செலவைக் காணும்போது குறியோடு கூட்டுவதே முறை. பிழையைக் காணும்போது குறியை நீக்கிக் கூட்டுவதே முறை. எதனைக் காண விரும்புகிறோம் என்பதே விதியைத் தீர்மானிக்கிறது.

தொகையீட்டுக் குறியான நீண்ட கோட்டைக் கண்டு மாணவர் மருளுவதுண்டு. லைப்னிட்சு 1675இல் அதனை முதன்முதலாக எழுதியபோது, கூட்டுத்தொகை என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லின் முதலெழுத்தையே நீட்டி எழுதினார். வேறு மறைபொருள் அதற்கில்லை. சிறு கூறுகளாக்கிக் கூட்டி எல்லை காணும் எண்ணம் அவருக்கு முன்பே நம் நாட்டில் கேரளக் கணித அறிஞரிடம் இருந்தது. 1530ஐ ஒட்டி ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் இயற்றிய ‘யுக்திபாஷா’ அடுக்குகளின் கூட்டுத்தொகைகளைக் கொண்டு அதனை விளக்குகிறது. தாய்மொழியிலேயே உயர்கணிதத்தை விளக்க முடியும் என்பதற்கு அந்நூல் ஒரு சான்று. உஸ்மானியா பல்கலைக் கழகம் தொடக்கத்தில் தன் மொழிபெயர்ப்புத் துறையின் வாயிலாக உருதுவில் அறிவியல் நூல்களை ஆக்கியதும் அதே நம்பிக்கையினாலாம்.

வகுப்பில் இதனைச் செய்து காட்டப் பெரும் பொருட் செலவு வேண்டியதில்லை. கட்டம் போட்ட வரைபடத் தாளும் பென்சிலும் போதும். மாணவரை இரு குழுக்களாக்கி, ஒரே தெருவில் வெவ்வேறு வீடுகளைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து, வீட்டிற்கு எத்தனை பேர், மாதத்திற்கு அரிசி எத்தனை கிலோ என்னும் இரண்டே கேள்விகளைக் கேட்டு வரச் செய்யலாம். பெயர்களை எழுத வேண்டாம். ஒரு குழுவின் தாளை மற்றொரு குழு பார்த்தல் கூடாது. திரும்பி வந்தபின் தலைக்கு அரிசி அளவை ஏறுவரிசையில் எழுதி, ஐந்து சம பிரிவுகளாக்கி, இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வெவ்வேறு மையால் வரைய வேண்டும். இடைப்பட்ட கட்டங்களை எண்ணுகையில், பாதிக்கு மேல் அடங்கிய கட்டத்தை ஒன்றாகவும், அதற்குக் குறைந்ததை விட்டுவிட்டும் எண்ணுக. பிறகு அதே பரப்பைச் சரிவக விதியாலும் காண்க. இரண்டு விடைகளும் எவ்வளவு நெருங்கியுள்ளன என்பதையும், எப்பிரிவில் கோடுகள் மிக விலகி நிற்கின்றன என்பதையும் கரும்பலகையில் எழுதி, அவ்விலகலுக்குரிய வீடுகளுக்கு மறுநாள் இரு குழுவினரும் ஒன்றாகச் சென்று மீண்டும் கேட்டு வரலாம்.